ஆய்வுக் கட்டுரை எங்கே பழுதாகிறது? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மேல்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆய்வுக் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாகப் படித்துத் திருத்தி வருகிறேன். பழுது எப்போதும் கடைசிப் பக்கத்தில்தான் கண்ணில் படும். துணைநூற்பட்டியலில் ஓர் இணைப்பு திறக்காது, ஒரு நூலுக்கு ஆண்டு இருக்காது, ஒரு மேற்கோளுக்குப் பக்க எண் இருக்காது. ஆனால் அது பிறந்த இடம் வேறு. பெரும்பாலும் முதல் நாள் மாலை, முதல் பத்து நிமிடத்துக்குள்ளேயே பிறந்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சிக்கலையும் மாணவர் சொல்லும் சொல்லிலேயே தலைப்பாக வைத்து, வேர் எங்கே இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கிருந்து படியுங்கள்.

சான்று காட்டுவது எதற்காக என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாசகர் உங்கள் வாக்கியத்திலிருந்து கிளம்பி, நீங்கள் படித்த அதே பக்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். காற்புள்ளி, அடைப்புக்குறி, சாய்வெழுத்து எல்லாம் அந்த வழியைச் செப்பனிடுபவை. எந்த விதி மறந்துபோனாலும், “இதை வைத்துக்கொண்டு அவரால் அங்கே போக முடியுமா?” என்று கேட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

“எவ்வளவு தேடினாலும் உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை”

தேடல் பெட்டியில் என்ன எழுதினீர்கள் என்று பாருங்கள். “இரவில் கைப்பேசி பார்த்தால் தூக்கம் கெடுமா” என்று எழுதியிருந்தால், அதே கேள்வியைக் கேட்டவர்களின் பக்கங்கள்தான் வரும். பதிலை ஆராய்ந்தவர்கள் அந்தச் சொற்களில் எழுதுவதில்லை. அவர்கள் மெலடோனின் என்பார்கள், நீல ஒளி என்பார்கள், உயிரியல் கடிகாரம் என்பார்கள், வளரிளம் பருவத்தினர் என்பார்கள். துறைக்காரர்களின் சொல் கையில் கிடைக்கும்வரை கதவு திறக்காது.

அந்தச் சொற்களைக் கண்டுபிடிக்க ஒரு கலைக்களஞ்சியக் கட்டுரை போதும். விக்கிப்பீடியாவே போதும். அதைச் சான்றாகக் காட்டுவதற்காகப் படிக்காதீர்கள். சொற்களை அள்ளிக்கொள்வதற்காகப் படியுங்கள். பத்து நிமிடத்தில் ஆறேழு கலைச்சொற்கள் சேர்ந்துவிடும். அவற்றை இரண்டிரண்டாக இணைத்துத் தேடுங்கள். சேர்ந்தே வர வேண்டிய சொற்றொடரை இரட்டை மேற்கோள்குறிக்குள் போடுங்கள். வேண்டாத பொருள் வந்து குறுக்கிட்டால், அந்தச் சொல்லுக்கு முன் ஒரு கழித்தல் குறி போடுங்கள். தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை என இரண்டு மொழியிலும் தேடுங்கள்.

நல்ல கட்டுரை ஒன்று சிக்கிவிட்டால் தேடல் பெட்டியை மூடிவிடலாம். அந்தக் கட்டுரையின் கடைசியில் உள்ள பட்டியல் உங்களைப் பின்னோக்கி அழைத்துச் செல்லும்: அவர் யாரைப் படித்தார் என்று அது சொல்கிறது. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் அதே கட்டுரையின் கீழே அதை மேற்கோள் காட்டியவர்களின் பட்டியல் இருக்கும். அது முன்னோக்கி அழைத்துச் செல்லும். ஒரே ஒரு நல்ல கட்டுரையிலிருந்து ஒரு மாலைப் பொழுதில் பத்து கட்டுரைக்குப் போன மாணவர்களைப் பார்த்திருக்கிறேன்.

“கிடைப்பது மலைபோல் இருக்கிறது, எதை எடுப்பது?”

தலைப்பு இன்னும் தலைப்பாகவே இருக்கிறது, கேள்வியாக மாறவில்லை. “பிளாஸ்டிக் மாசு” என்பது ஒரு நூலகத்தின் அலமாரி. யாருக்கு, எங்கே, எந்தக் காலத்தில், என்ன விளைவு என்ற நான்கில் இரண்டையாவது சேருங்கள். “கடற்பறவைகள் பிளாஸ்டிக்கை ஏன் இரையென்று நினைக்கின்றன?” என்பது உங்களால் எழுதி முடிக்கக்கூடிய கேள்வி.

“இந்தத் தளத்தை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?”

பெரும்பாலான மாணவர்கள் அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்க்கிறார்கள். வடிவமைப்பு நேர்த்தியாக இருக்கிறதா, “எங்களைப் பற்றி” என்ற பகுதி இருக்கிறதா, முகவரியின் வால் எப்படி முடிகிறது என்று பார்க்கிறார்கள். ஏமாற்ற நினைப்பவர் முதலில் அலங்கரிப்பது இவற்றைத்தான்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 45 பேரை வைத்து இதை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 10 பேர் வரலாற்றறிஞர்கள், 10 பேர் தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள், 25 பேர் பல்கலைக்கழக மாணவர்கள். கொடுத்த பணிகளில் ஒன்று, குழந்தை மருத்துவம் சார்ந்த இரண்டு அமெரிக்க அமைப்புகளின் பக்கங்களை ஒப்பிடுவது. பெயர்கள் கிட்டத்தட்ட ஒன்றுபோல் இருக்கும். ஒன்று 1930இல் தொடங்கி, 60,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட தொழில்முறைச் சங்கம். மற்றது கருத்து வேறுபாட்டால் 2002இல் தொடங்கப்பட்ட மிகச் சிறிய குழு. பக்கத்துக்குள்ளேயே நின்று படித்தவர்களில் பலருக்கு, வரலாற்றறிஞர்கள் உட்பட, இந்த வேறுபாடு பிடிபடவில்லை. சரிபார்ப்பாளர்கள் சில நொடிகளில் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறி, உலாவியில் புதிய தத்தல்களை (டேப்) திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். விடை அங்கே இருந்தது.

ஆங்கிலத்தில் இதற்கு லேட்டரல் ரீடிங் என்று பெயர். பக்கவாட்டு வாசிப்பு என்று சொல்லலாம். செய்முறை எளிது. தளத்தின் பெயரையும் எழுதியவரின் பெயரையும் தனித்தனியாகத் தேடுங்கள். யார் நடத்துகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, இந்தத் துறையில் இவருக்கு என்ன பழக்கம் என்ற மூன்றுக்கும் வெளியிலிருந்து பதில் தேடுங்கள். மூன்று நிமிடத்தில் ஒன்றும் தெரியவில்லையென்றால் அந்தத் தளத்தை விட்டுவிடுங்கள். வேறு இடங்கள் நிறைய இருக்கின்றன.

“ஐந்து இடங்களில் இதே செய்தி இருக்கிறது, அப்படியானால் உண்மைதானே?”

இந்த ஒரு கேள்வியில் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஐந்து இடங்களும் ஒரே ஊற்றிலிருந்து நீர் மொண்டிருந்தால், உங்களிடம் இருப்பது ஒரே ஒரு சான்றுதான்.

பசலைக்கீரையின் கதையைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் ஒரு வேதியியலாளர் தசமப்புள்ளியை இடம் மாற்றிப் போட்டுவிட்டார், அதனால் பசலைக்கீரையில் இரும்புச்சத்து உண்மையில் இருப்பதைப்போல் பத்து மடங்கு என்று உலகம் நம்பிவிட்டது என்று ஒரு செய்தி உண்டு. அறிவியலில் கவனம் எவ்வளவு தேவை என்பதற்கு எடுத்துக்காட்டாகப் பலரும் இதைச் சொல்வார்கள். 1981இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர் டெரன்ஸ் ஹாம்ப்ளின் இதை எழுதினார். சான்று எதுவும் காட்டவில்லை. அவர் எழுதிவிட்டார் என்பதே அடுத்தவர்களுக்குச் சான்றாகிவிட்டது. 2010இல் குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் அந்தத் தசமப்புள்ளியைத் தேடிப் புறப்பட்டார். அப்படி ஒரு பிழை நடந்ததற்கு ஆதாரமே அவருக்குக் கிடைக்கவில்லை. 2014இல் நார்வே நாட்டு ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால், மூலத்தைத் திறந்து பார்க்காமலே ஒருவரைப் பார்த்து ஒருவர் மேற்கோள் காட்டும் பழக்கம் இந்தக் கதையை எப்படி வளர்த்தது என்று விரிவாக எழுதினார். கவனக்குறைவை எச்சரிக்கும் கதையே கவனக்குறைவால் பரவியது.

எனவே ஐந்து இடங்கள் கிடைத்தால் மகிழ்வதற்கு முன், ஒவ்வொன்றும் தன் செய்தியை எங்கிருந்து எடுத்தது என்று பின்தொடருங்கள். “ஆய்வுகள் கூறுகின்றன” என்று மட்டும் எழுதியிருந்தால் அந்தப் பாதை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஓர் ஆய்வின் பெயர் இருந்தால் அந்த ஆய்வைத் திறந்து படியுங்கள். செய்தித்தாள் சொன்னதும் ஆய்வு சொன்னதும் ஒன்றுதானா என்று நீங்களே பாருங்கள். “தொடர்பு காணப்படுகிறது” என்று ஆய்வாளர் எழுதியது, தலைப்புச் செய்தியில் “காரணம் இதுதான்” என்று மாறியிருப்பதை அடிக்கடி காண்பீர்கள்.

பெரியவர்களின் பொன்மொழிகளுக்கும் இது பொருந்தும். “நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரைக் கொடுத்தும் போராடுவேன்” என்ற வாசகத்தை வால்டேர் சொன்னதாகவே எல்லாரும் எழுதுகிறார்கள். வால்டேரின் மனப்போக்கை விளக்குவதற்காக எவிலின் பியாட்ரிஸ் ஹால் என்ற எழுத்தாளர் 1906இல் வெளிவந்த தம் நூலில் எழுதிய வரி அது. நூல், ஆண்டு, பக்கம் என்று எதுவும் இல்லாமல் ஒரு பொன்மொழி கிடைத்தால், அதை அந்தப் பெரியவரின் பெயரில் எழுதாதீர்கள்.

மூலத்தை எட்டவே முடியாத நேரங்களும் உண்டு. நூல் அச்சில் இல்லாமல் இருக்கலாம், தெரியாத மொழியில் இருக்கலாம். அப்போது உண்மையைச் சொல்லிவிடுங்கள்: இன்னாரின் கருத்து, இன்னாருடைய நூலில் எடுத்தாளப்பட்டபடி, என்று எழுதி, நீங்கள் கையில் வைத்துப் படித்த நூலைப் பட்டியலில் சேருங்கள். படிக்காத நூலைப் படித்ததுபோல் பட்டியலில் போடாதீர்கள். பசலைக்கீரைக் கதை வளர்ந்தது அப்படித்தான்.

“ஆய்வுக் கட்டுரை பணம் கேட்கிறது; திறந்தாலும் ஒன்றும் புரியவில்லை”

பணம் கேட்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். கட்டுரையின் முழுத் தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டுத் தேடுங்கள். ஆசிரியரே தம் பல்கலைக்கழகப் பக்கத்தில் இலவசப் படியை வைத்திருக்கலாம். கூகுள் ஸ்காலரில் “அனைத்துப் பதிப்புகளும்” என்ற பொருளில் உள்ள இணைப்பைச் சொடுக்கிப் பாருங்கள். அன்பேவால் என்ற இலவச உலாவி நீட்சி, சட்டப்படி திறந்து கிடைக்கும் படிகளைக் கண்டுபிடித்துத் தரும். பொது நூலகத்தில் கேளுங்கள். நூலகரிடம் கேட்கத் தயங்குகிறவர்கள் மிகுதி. அந்தத் தயக்கம் வேண்டாம், அவர்களுடைய வேலையே அதுதான். ஆசிரியரின் மின்னஞ்சல் கட்டுரையிலேயே இருக்கும். பணிவாக இரண்டு வரி எழுதினால் பல ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள்.

புரியவில்லை என்றால், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வரிசையாகப் படிக்க முயல்வதுதான் காரணம். முதலில் சுருக்கத்தைப் படியுங்கள். அடுத்து முடிவுரைக்குப் போங்கள். பிறகு முன்னுரை. அதன்பின் படங்களையும் அட்டவணைகளையும் பாருங்கள். ஆய்வுமுறைப் பகுதியில் எத்தனை பேரை, எந்த வயதினரை, எவ்வளவு காலம் ஆராய்ந்தார்கள் என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். இருபது பேரிடம் ஒரு வாரம் நடத்திய ஆய்வை “மனிதர்கள் இப்படித்தான்” என்று எழுதிவிடாமல் அந்தக் குறிப்பு உங்களைக் காக்கும். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கட்டுரையையே படித்ததாகக் காட்டாதீர்கள்.

இன்னொன்று. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பாருங்கள். தட்டம்மை தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் தொடர்புபடுத்தி 1998இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரை 12 குழந்தைகளைப் பற்றியது. 2010இல் இதழே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் அந்தக் கட்டுரை இணையத்தில் இன்றும் இருக்கிறது. பழைய நகல் ஒன்றை எங்கிருந்தோ தரவிறக்கியவருக்குத் திரும்பப் பெற்ற செய்தியே தெரியாமல் போகலாம். இதழின் சொந்தப் பக்கத்துக்குப் போய் ஒரு முறை பார்ப்பது அதற்காகத்தான்.

“இதை எங்கே படித்தேன் என்று நினைவுக்கு வரவில்லை”

நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். முதலில் உடனடி மருந்து. உலாவியின் வரலாற்றில் அந்த நாளைத் தேடுங்கள். குறிப்பில் உள்ள வரியிலிருந்து வழக்கமில்லாத ஆறேழு சொற்களைத் தொடர்ச்சியாக எடுத்து மேற்கோள்குறிக்குள் தேடுங்கள். கூகுள் புக்ஸிலும் தேடுங்கள். திரைப்பிடிப்பு எடுத்திருந்தால் அதன் தேதியும் நேரமும் உதவும். அரை மணி நேரத்தில் கிடைக்கவில்லையென்றால், அதே செய்தியைச் சொல்லும் வேறொரு நம்பகமான நூலைத் தேடி, அதை உண்மையிலேயே படித்துவிட்டு, அதைக் காட்டுங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த வாக்கியத்தை நீக்குங்கள். பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு நூலை அந்த வாக்கியத்தோடு ஒட்டிவிடுவது மட்டும் கூடாது. அங்கே போகும் வாசகர் வெறுங்கையோடு திரும்புவார்.

இனி வேருக்கு வருவோம். ஒரு மாணவி தன் குறிப்பேட்டை என்னிடம் காட்டினாள். பக்கம் முழுவதும் முத்துமுத்தான கையெழுத்து, மூன்று நிற மை, அடிக்கோடுகள். ஆனால் எந்த வரி நூலாசிரியருடையது, எந்த வரி அவளுடையது என்று அவளுக்கே தெரியவில்லை. எழுதி மூன்று வாரம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நூலையும் குறிப்பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாகப் பிரித்தோம். அவளுடைய சொந்த எண்ணங்கள்தாம் அந்தப் பக்கத்தில் மிக நல்லவை. அவற்றைக்கூட அவள் நூலிலிருந்து எடுத்ததாக நினைத்து ஒதுக்கியிருந்தாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் ஒரே முறையைத்தான் சொல்கிறேன்.

பக்கத்தின் நடுவே ஒரு கோடு போடுங்கள். தலைப்பகுதியில், படிக்கத் தொடங்கும் முன்பே, ஐந்து விவரங்களை எழுதுங்கள்: ஆசிரியர், தலைப்பு, வெளியிட்டவர், ஆண்டு, கிடைத்த இடம். இணையப் பக்கமானால் பார்த்த தேதியையும் சேருங்கள். கோட்டுக்கு இடப்புறம் நூல் சொல்வது. அப்படியே எடுத்த சொற்களானால் மேற்கோள்குறி கட்டாயம், உங்கள் சொற்களில் சுருக்கியதானால் குறி வேண்டாம். இரண்டுக்கும் பக்க எண் வேண்டும். வலப்புறம் உங்களுக்குத் தோன்றியது: ஐயம், மறுப்பு, வேறொரு நூலோடு ஒப்பீடு. கணினியில் குறிப்பெடுப்பவர்கள் இரண்டு நெடுவரிசை கொண்ட அட்டவணை போட்டால் போதும். ஸோட்டேரோ போன்ற இலவசச் செயலி தலைப்பகுதி விவரங்களைத் தானே சேமித்துக்கொள்ளும். வலப்புறத்தை நீங்கள்தான் நிரப்ப வேண்டும்.

“என் சொந்த நடையில்தான் எழுதினேன், ஆனால் நகல் என்கிறார்கள்”

இப்படிச் சொல்லும் மாணவர் பொய் சொல்வதில்லை. உழைத்திருக்கிறார், அந்த உழைப்பு தவறான இடத்தில் போயிருக்கிறது. எடுத்துக்காட்டுக்காக நானே எழுதிய ஒரு மூலப் பத்தியை இங்கே தருகிறேன்:

“இலையுதிர் காலத்தில் பகல் குறுகக் குறுக, இலைகளில் பச்சையம் உற்பத்தியாவது படிப்படியாக நின்றுவிடுகிறது. அதுவரை பச்சை நிறத்தால் மறைக்கப்பட்டிருந்த கரோட்டினாய்டு நிறமிகள் அப்போது வெளியே தெரிகின்றன.”

மாணவர் எழுதுவது:

“இலையுதிர் பருவத்தில் பகல் நேரம் குறையக் குறைய, இலைகளில் பச்சையம் உருவாவது மெல்ல மெல்ல நிற்கிறது. அதுவரை பச்சையால் மூடப்பட்டிருந்த கரோட்டினாய்டு நிறமிகள் அப்போது கண்ணுக்குத் தெரிகின்றன.”

காலம் பருவமாகியது, மறைப்பு மூடலாகியது. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. ரெபெக்கா மூர் ஹாவர்ட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதற்குப் பேட்ச்ரைட்டிங் என்று பெயர் வைத்தார், ஒட்டுப்போட்ட எழுத்து. மூலத்தை இன்னும் முழுமையாகச் செரிக்காத வாசகர் எழுதும் எழுத்து இது என்பது அவர் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. ஆகவே மருந்தும் அகராதியில் இல்லை. நூலை மூடுங்கள். பக்கத்தில் இருப்பவருக்கு விளக்குவதுபோல் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் இன்னொரு முறை படியுங்கள். சொல்ல முடிந்தால், சொன்னதை எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து உண்மை மாறவில்லையே என்று சரிபாருங்கள். அப்போது வருவது இப்படி இருக்கும்:

“மஞ்சள் நிறம் இலைக்குப் புதிதாக வந்து சேர்வதில்லை, கரோட்டினாய்டுகள் முன்பிருந்தே அங்கே இருக்கின்றன. நாள் சுருங்கிப் பச்சையம் குறையும்போதுதான் அவை நம் கண்ணில் படுகின்றன.”

இதற்கும் சான்று காட்ட வேண்டும். சொல் உங்களுடையதானாலும் செய்தி அவருடையது. சொந்தச் சொற்களில் எழுதிவிட்டால் சான்று வேண்டாம் என்ற எண்ணம் எப்படியோ வேரூன்றிவிட்டது. அதைப் பிடுங்கி எறியுங்கள்.

எதற்குச் சான்று வேண்டாம்? எந்தப் பொது நூலைத் திறந்தாலும் மறுப்பில்லாமல் கிடைப்பதற்கு. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது என்பதற்கு அடிக்குறிப்பு வேண்டாம். அது ஏன் அப்போது முடிந்தது என்று ஒருவர் வாதிட்டால் வேண்டும். எண்ணிக்கை, சதவீதம், கருத்து, விளக்கம், படம் ஆகியவற்றுக்கு எப்போதும் வேண்டும்.

“கட்டுரை முழுவதும் மேற்கோளாகிவிட்டது”

ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் படியுங்கள். இரண்டும் உங்களுடையவையாக இருக்க வேண்டும். மேற்கோளை யார் சொன்னார் என்று அறிமுகப்படுத்தி உள்ளே அழையுங்கள். அவர் பேசி முடித்தபின் அதனால் என்ன பெற்றோம் என்று நீங்கள் சொல்லுங்கள். சொல்லப்பட்ட விதமே முக்கியமானால் மட்டும் அப்படியே எடுங்கள். நடுவில் சில சொற்களை விட்டால் மூன்று புள்ளி வையுங்கள். விட்ட சொற்களோடு பொருளும் போய்விடவில்லையே என்று பாருங்கள்.

“ஆசிரியர் பெயர் இல்லை, தேதி இல்லை, பக்க எண்ணும் இல்லை”

பெரும்பாலும் இருக்கின்றன, இடம்தான் வேறு. நூலானால் அட்டையைப் பார்க்காமல் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் பாருங்கள். அச்சிட்ட ஆண்டுகள் பல இருந்தால், நீங்கள் வைத்திருக்கும் பதிப்பின் ஆண்டே வேண்டும். இணையப் பக்கமானால் அடிப்பகுதிக்குப் போங்கள். அங்கே உள்ள பதிப்புரிமை ஆண்டு தளத்துக்குரியது; கட்டுரையின் தேதியாக அதை எடுக்காதீர்கள்.

உண்மையிலேயே தனிமனிதர் பெயர் இல்லையென்றால் வெளியிட்ட அமைப்பே ஆசிரியர். அதுவும் இல்லையென்றால் தலைப்பு முதலில் வரும். தேதி இல்லாவிட்டால் ஏபிஏ (அமெரிக்க உளவியல் கழகம்) வகுத்த மேற்கோள் முறையில் ஆண்டின் இடத்தில் தேதி இல்லை என்பதற்கான சுருக்கக்குறியைப் போடுவார்கள். பக்க எண் இல்லாத இடத்தில் பத்தி எண்ணோ உட்தலைப்போ உதவும். காணொலியானால் நிமிடமும் நொடியும். பல பதிப்புகள் கண்ட பழைய இலக்கியங்களுக்குப் பக்க எண்ணைவிடப் பாடல் எண் நிலையானது. திருக்குறளுக்குக் குறள் எண்ணைக் கொடுத்தால் யாரும் எந்தப் பதிப்பிலும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எந்த முறை என்பதை உங்கள் ஆசிரியரிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள். மொழி, இலக்கியப் பாடங்களில் எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறையும், உளவியல், சமூக அறிவியலில் ஏபிஏ முறையும், வரலாற்றில் அடிக்குறிப்பு போடும் சிகாகோ முறையும் வழக்கம். எம்எல்ஏ கையேட்டின் 9ஆம் பதிப்பு 2021இல் வந்தது. ஏபிஏ கையேட்டின் 7ஆம் பதிப்பு 2019 இறுதியில் வெளியானது. பழைய வழிகாட்டியைப் பார்த்து எழுதினால், ஏபிஏவில் இப்போது தேவையில்லாத பதிப்பகத்தின் ஊர்ப்பெயர் போன்றவை நுழைந்துவிடும். எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றிலேயே நில்லுங்கள்.

“மேற்கோள் உருவாக்கும் செயலி தந்ததைத்தான் போட்டேன், தவறு என்கிறார்கள்”

அந்தச் செயலிகள் பக்கத்தில் உள்ள தரவைத் துழாவி எடுக்கின்றன. தளத்தின் பெயரை ஆசிரியராக்கும். தலைப்பை முழுவதும் பெரிய எழுத்தாக்கும். கட்டுரையின் தேதிக்குப் பதில் நீங்கள் பார்த்த தேதியைப் போடும். பெயர்களில்தான் அதிகம் தடுமாறும். குடும்பப் பெயர் கடைசியில் வரும் என்று அவை எண்ணிக்கொள்கின்றன. சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். தமிழ்ப் பெயரிலும் ஐஸ்லாந்துப் பெயரிலும் குடும்பப் பெயரே பொதுவாக இருப்பதில்லை. முன்னெழுத்தைக் குடும்பப் பெயராக்கிப் பட்டியலிடும்போது ஆசிரியரை யாரும் கண்டுபிடிக்க முடியாமல் போகிறது. நூலின் தலைப்புப் பக்கத்தில் பெயர் எப்படி இருக்கிறதோ, அதோடு ஒவ்வொரு பதிவையும் ஒப்பிடுங்கள். ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

“செயற்கை நுண்ணறிவு சொன்ன நூல் எங்குமே இல்லை”

இல்லாத நூலாக இருக்கலாம். உரையாடல் செயலிகள் சொற்கள் எப்படித் தொடரும் என்பதைக் கற்றவை. மேற்கோளின் வடிவம் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். ஆசிரியர் பெயர், இதழ், ஆண்டு, பக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், நூல் மட்டும் இருக்காது. 2023இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சாட்ஜிபிடி உருவாக்கிய போலி வழக்குகளைத் தம் மனுவில் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்தது. அவர்களில் ஒருவர், இந்த வழக்கு உண்மையா என்று அந்தச் செயலியிடமே கேட்டிருந்தார். உண்மைதான் என்று அது பதில் சொல்லியிருந்தது.

அதனால் அதனிடமே சரிபார்க்காதீர்கள். தலைப்பை நூலகப் பட்டியலில் தேடுங்கள். ஆய்வுக் கட்டுரையானால் டிஓஐ எண்ணை, அதாவது 10 என்ற எண்ணில் தொடங்கும் நிலையான அடையாள எண்ணைக் கேட்டுவாங்கி, டிஓஐ தளத்தில் இட்டுப் பாருங்கள். அதே தலைப்பு திறக்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் எண் உண்மையாகவும் கட்டுரை வேறாகவும் இருப்பதுண்டு. நூல் இருக்கிறது என்று உறுதியான பிறகும், அது நீங்கள் சொல்வதைத்தான் சொல்கிறதா என்று அந்தப் பக்கத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கட்டுரையில் இச்செயலியை எந்த வேலைக்காவது பயன்படுத்தியிருந்தால், அனுமதி உண்டா என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டு, எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

“அன்று இருந்த பக்கம் இன்று இல்லை”

இது உங்கள் தவறில்லை. அமெரிக்காவின் ப்யூ ஆய்வு மையம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுக்குப் பிறகு எட்ட முடியாமல் போயிருந்தன. ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளில் 54 சதவீதத்தின் சான்றுப் பட்டியலில் இறந்துபோன இணைப்பு ஒன்றாவது இருந்தது. இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் முகவரியை இட்டால், அந்தப் பக்கத்தின் பழைய நகல் கிடைக்கக்கூடும். படிக்கும் அன்றே அங்கே “பக்கத்தைச் சேமி” என்ற வசதியைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கலே வராது. அந்தச் சேமித்த முகவரியையும் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

“நாளைக் காலை கொடுக்க வேண்டும், எதுவும் சரியாக இல்லை”

காற்புள்ளிகளைத் தொடாதீர்கள். முதலில் அப்படியே எடுத்த வரிகளைத் தேடி மேற்கோள்குறி போடுங்கள். இது விட்டுப்போனால்தான் பெரிய சேதம். இரண்டாவது, எண்களும் சதவீதங்களும் வரும் இடங்களில் சான்று இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை நீக்குங்கள். மூன்றாவது, கட்டுரைக்குள் வரும் ஒவ்வொரு பெயரும் பட்டியலில் இருக்கிறதா, பட்டியலில் இருப்பது ஒவ்வொன்றும் கட்டுரைக்குள் வருகிறதா என்று விரல் வைத்து ஒப்பிடுங்கள். நான்காவது, ஒவ்வோர் இணைப்பையும் ஒரு முறை சொடுக்குங்கள். நேரம் மிச்சமிருந்தால் அகர வரிசை, சாய்வெழுத்து, புள்ளிகள். கண்டுபிடிக்க முடியாமல் போன ஒரு சான்று இன்னும் இருந்தால், அந்த இடத்தை மறைக்காமல் ஆசிரியரிடம் காலையில் நேரே போய்ச் சொல்லுங்கள். குறிப்பேட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.